சரணத்தை விழுங்கிய பல்லவி

1982 ஜனவரியில், நியூ ஜெர்சி மாநிலத்துக் கோல்ட்ஸ் நெக் என்னும் ஊரில், வாடகை வீட்டின் படுக்கையறையில் உட்கார்ந்து ராக் பாடகர் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் புதிய பாடல்களைக் கேசட்டில் பதிந்துகொண்டிருந்தார். கையில் கிதார், வாயருகே ஹார்மோனிகா, எதிரே நான்கு டிராக் பதியும் சிறிய டாஸ்காம் ரெகார்டர். இசைக்குழுவுக்குப் போட்டுக் காட்டுவதற்கான மாதிரிப் பதிவுதான் அது. அதில் ஒரு பாட்டு, வியட்நாம் போரிலிருந்து திரும்பி வந்து வேலை கிடைக்காமல் அலையும் ஒருவனுடையது. மெல்லிய கிதார், எதிரொலி சூழ்ந்த குரல், அவ்வளவே. கேட்பவருக்கு அதில் மகிழ்ச்சியின் சாயல்கூடத் தென்படாது.

சில மாதங்களில், நியூயார்க்கின் பவர் ஸ்டேஷன் ஒலிப்பதிவுக்கூடத்தில், அதே பாட்டை ஈ ஸ்ட்ரீட் பேண்ட் குழு வாசித்தது. ராய் பிட்டன் சின்தசைசரில் ஆறு ஸ்வரங்கள் கொண்ட ஒரு துண்டை எடுத்துத் திரும்பத் திரும்ப முழக்கினார். மேக்ஸ் வைன்பெர்க் ஸ்னேர் முரசைத் துப்பாக்கி வெடிப்பதுபோல் அடித்தார். ஸ்பிரிங்ஸ்டீன் தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினார். வரிகள் ஏறத்தாழ அதே வரிகள்தான். 1984 ஜூன் 4-இல் அந்தப் பாட்டின் பெயரையே தாங்கி ஆல்பம் வெளிவந்தது: ‘பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.’ உலகம் முழுவதும் சுமார் 3 கோடிப் பிரதிகள் விற்ற அந்த ஆல்பத்தின் தலைப்புப் பாட்டை, கொடி அசைத்துப் பாட வேண்டிய தேசப் பெருமிதப் பாட்டாகவே பெருங்கூட்டம் எடுத்துக்கொண்டது.

ஓர் உளவியல் ஆய்வாளர் ஆசைப்பட்டாலும் இப்படியொரு சோதனையை அமைப்பது கடினம். பாடகர் ஒருவர், கதை ஒன்று, சொற்களும் ஒன்று. மாறியது ஒலி மட்டும். பொருளோ தலைகீழாகிவிட்டது. படுக்கையறைப் பதிவு 1998-இல் ‘டிராக்ஸ்’ என்ற தொகுப்பில் வெளியாகிவிட்டதால், இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்க்கும் வாய்ப்பு இன்று எவருக்கும் உண்டு. கேட்டவர்கள் பலரும் ‘ரசிகர்கள் சரியாகக் கேட்கவில்லை’ என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்பு எனக்கு உடன்பாடில்லை. காதும் மூளையும் பாட்டை வாங்கிக்கொள்ளும் விதம் தெரிந்தால், அந்தக் கூட்டம் கேட்டதும் அந்தப் பாட்டுக்குள் உண்மையாகவே இருந்தது என்பது புரியும்.

முதலில் பாட்டின் கதை. அதற்கு நிஜத்தில் ஊன்றிய வேர்கள் உண்டு. ஸ்பிரிங்ஸ்டீன் பதின்ம வயதில் வாசித்த ‘தி கேஸ்டைல்ஸ்’ குழுவின் டிரம்ஸ் கலைஞர் பார்ட் ஹெய்ன்ஸ் 1967-இல் வியட்நாமில் இறந்தார். ஸ்பிரிங்ஸ்டீனுக்கும் ராணுவ அழைப்பு வந்தது. உடற்தகுதித் தேர்வில் தேறவில்லை. தன் இடத்தில் வேறு யாரோ போயிருப்பார் என்ற எண்ணம் தன்னை விடவே இல்லை என்று பிற்பாடு மேடையில் சொன்னார். போரில் முதுகுத்தண்டு சிதைந்து சக்கர நாற்காலியில் முடங்கிய ரான் கோவிக்கின் ‘பார்ன் ஆன் தி ஃபோர்த் ஆஃப் ஜூலை’ நூலைப் படித்தார், அவரையே சந்திக்கவும் செய்தார். 1981 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸில் வியட்நாம் வீரர்கள் அமைப்புக்காக நிதி திரட்டும் கச்சேரி நடத்தினார். அந்த நாட்களில் எழுதத் தொடங்கிய பாட்டுக்கு ‘வியட்நாம்’ என்றுதான் பெயர் வைத்திருந்தார். இயக்குநர் பால் ஷ்ரேடர் அனுப்பியிருந்த ஒரு திரைக்கதையின் தலைப்பிலிருந்து புதிய பெயர் வந்து ஒட்டிக்கொண்டது.

சரணங்களை வரிசையாக எடுத்தால் கதை இப்படிப் போகிறது. செத்துப்போன ஓர் ஊரில் பிறக்கிறான். பிறந்த நாளிலிருந்தே அடி. ஊரில் ஏதோ சின்ன வம்பில் மாட்டுகிறான். கையில் துப்பாக்கியைத் திணித்து, வேற்று நாட்டுக்கு அனுப்பி, தோல் நிறத்தால் மட்டுமே அடையாளம் சொல்லப்படும் மனிதரைக் கொல்லச் சொல்கிறார்கள். திரும்பி வந்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வேலை கேட்கிறான், கிடைக்கவில்லை. முன்னாள் படைவீரர் அலுவலகத்துக்குப் போகிறான், அங்கும் கைவிரிக்கிறார்கள். அடுத்து, கே சான் போர்முனையில் நின்ற ஒரு சகோதரனைப் பற்றிச் சொல்கிறான்: எதிரிகள் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள், இவன் சகோதரன்தான் இல்லை. சைகோனில் அவன் காதலித்த ஒரு பெண். இருவரும் சேர்ந்திருக்கும் ஒரு புகைப்படம். கடைசியில் சிறைச்சாலையின் நிழலும் சுத்திகரிப்பு ஆலையின் நெருப்பும் தெரியும் இடத்தில், போக வழியில்லாமல் நிற்கிறான்.

கே சானைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1968 ஜனவரி 21-இல் தொடங்கி 77 நாட்கள் வட வியட்நாமியப் படைகள் அந்த அமெரிக்கத் தளத்தை முற்றுகையிட்டன. எவ்வளவு உயிரைக் கொடுத்தாவது காக்க வேண்டிய இடம் என்று வாஷிங்டன் சொன்னது. முற்றுகை உடைந்தது. பிறகு ஜூலையில், அமெரிக்கப் படையே தளத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு வெளியேறியது. எதிரி அங்கேயே இருக்கிறான், சகோதரன் இல்லை என்று பாட்டு சொல்வது புலம்பலுக்காகக் கோத்த முரண் இல்லை. அந்த இடத்தின் வரலாறே அதுதான். சுமார் 58,000 அமெரிக்கர்களைக் கொன்ற ஒரு போரை அத்தனை சிறிய இடத்தில் அடக்கியதை, பாட்டெழுத்தின் பெரிய சாதனைகளில் ஒன்றாகக் கருதுகிறேன்.

இவ்வளவும் இருந்தும் அரங்கில் இருந்தவர்களுக்கு எட்டியது என்ன?

பேச்சில் மெய்யெழுத்துகள் குறுகியவை, வலுக் குறைந்தவை. அவற்றில் பலவற்றின் ஆற்றல் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. உயிரெழுத்துகளுக்கு ஆற்றலும் நீளமும் அதிகம். பாடும்போது இந்த ஏற்றத்தாழ்வு இன்னும் கூடுகிறது. பாடகர் உயிரொலியை நீட்டுகிறார், மெய்யொலி நசுங்கிப்போகிறது. ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் வேலையைப் பெரும்பாலும் செய்வதோ மெய்யெழுத்துதான். லாரன் காலிஸ்டரும் டேவிட் ஹ்யூரனும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தொடர்களைப் பேசியும் பாடியும் காட்டினார்கள். பாடும்போது கேட்பவர்கள் செய்த பிழைகள், பேசும்போது செய்ததைப்போல் ஏறத்தாழ ஏழு மடங்கு. துணைக்கருவிகளே இல்லாத குரலுக்கு இந்தக் கதி.

இங்கோ ஸ்னேர் முரசு இருக்கிறது. ஸ்னேரின் அடியில் சுருள் கம்பிகள் அதிரும். அதிலிருந்து கிளம்பும் ஒலி தாழ்ந்த அதிர்வெண்ணிலிருந்து மிக உயர்ந்தது வரை பரவிக் கிடக்கும். மெய்யெழுத்துகள் வாழும் பகுதியை அது நேராகப் போர்த்திவிடும். ஒலியியலார் இதை மறைப்பு விளைவு என்கிறார்கள். போதாததற்கு, எண்பதுகளின் புதிய ஒலிப்பதிவு உத்தி ஒன்றும் சேர்ந்துகொண்டது. முரசடிக்குப் பெரிய கூடத்தின் எதிரொலியைக் கொடுத்து, அந்த எதிரொலி தானாக அடங்குவதற்கு முன்பே மின்னணு வாயில் ஒன்றால் சட்டென்று வெட்டிவிடுவார்கள். பிரம்மாண்டமான இடத்தில் நிற்கிறோம் என்ற உணர்வு காதுக்கு வரும். ஆனால் அடுத்த அடிக்கு முன் முழு அமைதி. இயற்கையில் இப்படியொரு ஒலி கிடையாது. ஃபில் காலின்ஸ், பீட்டர் கேப்ரியல் ஆகியோரின் பதிவுகளில் லண்டனில் பிறந்த அந்த முழக்கம், இந்தப் பாட்டின் முதல் சரணத்தில் சின்தசைசரும் குரலும் மட்டும் துணையிருக்க நம்மை வந்து அறைகிறது.

பல்லவியைப் பாருங்கள். ஊர்ப்பெயர், போர்முனைப் பெயர், அலுவலகப் பெயர் என்று மெய்யெழுத்து நெருக்கியடிக்கும் சரணங்களுக்கு நடுவே, நீண்ட உயிரொலிகளால் ஆன ஒரே தொடர். கத்துவதற்கென்றே செய்தது போன்ற ஒலிகள். கால்பந்து மைதானத்தின் கடைசி வரிசையிலும் அது பிசகாமல் விழும். மொழி தெரியாதவரும் உடன் பாடலாம். வருகிற ஒவ்வொரு முறையும் அது அடுக்கடுக்காகத் திரும்புகிறது.

திரும்பச் சொல்வது மூளையில் என்ன செய்கிறது என்பதை டயானா டாய்ச் 1995-இல் தற்செயலாகக் கண்டார். தான் பேசிப் பதிவு செய்த ஒரு தொடரைச் சுழலவிட்டிருந்தபோது, சிறிது நேரத்தில் அந்தப் பேச்சு பாட்டாகக் கேட்கத் தொடங்கியது. ஒலியில் எதுவும் மாறவில்லை. திரும்பத் திரும்ப வந்ததால், கவனம் பொருளை விட்டுச் சுருதிக்கும் தாளத்துக்கும் தாவிவிட்டது. பல்லவியின் வலிமையும் ஆபத்தும் இங்கேதான். தலைப்புத் தொடரை முதல்முறை கேட்கும்போது அது ஒரு வாக்கியம். பத்தாவது முறை கேட்கும்போது அது முழக்கம்.

சொல்லும் மெட்டும் மூளைக்குள் ஒன்றாகவே பயணிக்கின்றனவா? 1998-இல் மிரேய் பெசோன், இசபெல் பெரெட்ஸ் குழுவினர் தேர்ந்த இசைக்கலைஞர்களைப் பிரெஞ்சு ஓபரா துணுக்குகளைக் கேட்க வைத்து மூளையின் மின்னலைகளைப் பதிந்தார்கள். சில துணுக்குகள் பொருந்தாத சொல்லில் முடிந்தன, சில சுருதி பிசகிய ஸ்வரத்தில், சில இரண்டிலும். பொருந்தாத சொல் வந்ததும் சுமார் 400 மில்லிசெகண்டில் ஒருவகை அலை எழுந்தது. தவறான ஸ்வரத்துக்கு வேறுவகை அலை. இரண்டும் பிசகியபோது இரண்டு அலைகளும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் தனித்தனியே எழுந்தன. பாட்டைக் கேட்கும் அந்தக் கணத்தில், பொருளும் மெட்டும் வெவ்வேறு கணக்கர்களிடம் போகின்றன என்று வைத்துக்கொள்ளலாம். உணர்ச்சியைத் தீர்மானிப்பதில் யாருக்கு மேல்கை? 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், மெட்டும் வரியும் எதிரெதிர் உணர்ச்சியைச் சுமந்தபோது, கேட்டவர்கள் பெரும்பாலும் மெட்டின் பக்கமே சாய்ந்தார்கள்.

இந்த அறிவோடு 1984 செப்டம்பருக்குப் போவோம். அரசியல் பத்தியாளர் ஜார்ஜ் வில், ஸ்பிரிங்ஸ்டீன் கச்சேரி ஒன்றுக்குப் போய்வந்து செப்டம்பர் 13-இல் ஒரு பத்தி எழுதினார். அவரைக் காது கேளாதவர் என்று கேலி செய்வது வழக்கம். ஆனால் மூடிய தொழிற்சாலைகளைப் பற்றியும் கஷ்டகாலங்களைப் பற்றியும் இவர் பாடுகிறார் என்பதை அவர் தெளிவாகவே எழுதியிருந்தார். அந்தக் கஷ்டங்களுக்கு நடுவே பல்லவி பெரும் உற்சாக உறுதிமொழியாக வந்து விழுகிறது என்பதே அவர் சொன்ன கருத்து. சொல் அவர் காதில் விழுந்தது. மெட்டு அதைவிட உரக்க விழுந்தது. ஆறு நாள் கழித்து, நியூ ஜெர்சியின் ஹாமன்டன் ஊரில் தேர்தல் பிரசாரத்துக்கு வந்த ஜனாதிபதி ரொனால்ட் ரீகன், அமெரிக்க இளைஞர்கள் பலர் போற்றும் அந்த மாநிலத்து ஸ்பிரிங்ஸ்டீனின் பாடல்களில் நம்பிக்கையின் செய்தி இருப்பதாகப் பேசினார். இந்தப் பாட்டைத்தான் ரீகன் குறிப்பிட்டார் என்று எங்கும் எழுதுகிறார்கள். உண்மையில் அவர் எந்தப் பாட்டின் பெயரையும் சொல்லவில்லை.

பதில் செப்டம்பர் 21-இல், இரும்பாலைகள் மூடிக்கொண்டிருந்த பிட்ஸ்பர்க்கில் வந்தது. ஜனாதிபதிக்குப் பிடித்த ஆல்பம் எதுவாக இருக்கும் என்று யோசித்தபடியே, ‘நெப்ராஸ்கா’ ஆல்பத்திலிருந்து ‘ஜானி 99’ பாட்டை ஸ்பிரிங்ஸ்டீன் தொடங்கினார். கார் ஆலை மூடியதால் வேலை போய், கடனில் மூழ்கி, போதையில் ஓர் உயிரைப் பறித்துவிட்டு 99 ஆண்டுத் தண்டனை பெறுபவனின் கதை அது. அந்த ‘நெப்ராஸ்கா’தான், கோல்ட்ஸ் நெக் படுக்கையறைக் கேசட்டிலிருந்து அப்படியே ஆல்பமாக 1982 செப்டம்பரில் வெளிவந்தது. நம் பாட்டும் அதே கேசட்டில் இருந்தது. அந்த ஆல்பத்தில் மட்டும் இடம்பெறவில்லை. இடம்பெற்றிருந்தால் எந்த ஜனாதிபதியின் பேச்சும் அதன் பக்கம் திரும்பியிருக்காது.

அப்படியானால் ஆரவாரமான வடிவம் பிழையா? இல்லை என்பதே என் உறுதியான எண்ணம். காரணம் பாட்டின் கட்டுமானத்திலேயே இருக்கிறது. முழுப் பாட்டுக்கும் இரண்டே கார்டுகள்: பி மேஜர், ஈ மேஜர். பல்லவிக்கென்று புது மெட்டு கிடையாது, இடையில் திசை மாற்றும் பகுதியும் கிடையாது. கார்டு மாறினாலும் அந்த ஆறு ஸ்வரத் துண்டு மாறுவதில்லை. தம்புராவைப்போல் அடியில் ஓயாமல் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. வெற்றி முழக்கமாகக் காதில் விழுவதைக் கொஞ்சம் பொறுத்துக் கேட்டால், அது எங்குமே நகரவில்லை என்பது தெரியும். போக வழியில்லை என்று கதாநாயகன் கடைசியில் சொல்வதை, இசை முதல் நொடியிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். முதல் சரணம் முடிந்ததும் பல்லவி வருகிறது, இரண்டாவது முடிந்ததும் வருகிறது. மூன்றாவதில் வேலை மறுக்கப்பட்டு அலுவலகத்திலும் கைவிரித்த பிறகு, வர வேண்டிய பல்லவி வரவில்லை. சகோதரனின் கதை தொடங்குகிறது. அவன் இல்லை என்று சொல்லி முடித்த இடத்தில், அடுத்த வரி வர வேண்டிய அளவுக்கு வெறும் வாத்தியம் ஓடுகிறது. பிறகு புகைப்படம், பிறகு சிறைச்சாலை நிழல். இழப்பு உச்சத்தில் இருக்கும் நேரம் முழுவதும் அந்தப் பெருமித வரியை அவனால் பாட முடியவில்லை. எல்லாம் சொல்லித் தீர்ந்த பிறகே அது திரும்ப வருகிறது. அப்போது அதன் பொருள் வேறு. இந்த நாட்டில்தானே பிறந்தேன், எனக்குச் சேர வேண்டியது எங்கே என்று கேட்பவனின் உரிமைக்குரல் அது. பெருமிதம் பொய் என்றால் அந்தக் கோபத்துக்கே இடமில்லை. தன் பாடல்களில் அன்றாட வாழ்வின் துயரம் சரணங்களிலும் நம்பிக்கை பல்லவியிலும் இருக்கும் என்று ஸ்பிரிங்ஸ்டீனே விளக்கியிருக்கிறார். அந்த இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள் பாதிப் பாட்டையே கேட்டார்கள். சோகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவர்களைக் குறைசொல்பவர்களும் அப்படித்தான்.

ஆல்பம் முழுவதையும் கேட்டால், இது தற்செயல் இல்லை என்பது விளங்கும். ‘டார்லிங்டன் கவுன்டி’ குத்தாட்டம் போட வைக்கும் மெட்டு. அதன் முடிவில் நண்பன் போலீஸ் காரின் பம்பரோடு விலங்கிடப்பட்டு நிற்கிறான். ‘வொர்க்கிங் ஆன் தி ஹைவே’ துள்ளித் துள்ளி ஓடி, பாடுபவன் சிறைக்கைதியாகச் சாலை போடுவதில் முடிகிறது; இதுவும் அந்தப் படுக்கையறைக் காலத்துப் பாட்டுதான். வானொலியில் எல்லோரும் ஆடிய ‘டான்சிங் இன் தி டார்க்’, தன்மேலேயே சலிப்புற்ற ஒருவனின் புழுக்கம். பன்னிரண்டு பாடல்களில் ஏழு, தனிப் பாடலாக வெளிவந்து அமெரிக்கப் பட்டியலில் முதல் பத்துக்குள் நுழைந்தன. ‘மை ஹோம்டவுன்’ மெட்டையும் வரிகளையும் ஒரே மனநிலையில் வைத்திருக்கிறது: மூடிய நெசவாலை, காலிக் கடைகள், 1965-இன் இனக்கலவரப் பதற்றம், ஊரை விட்டுக் கிளம்ப யோசிக்கும் தம்பதி. அதை ஆல்பத்தின் கடைசியில் வைத்ததில் ஒரு திட்டம் தெரிகிறது. துள்ளல் பாடல்களில் ஒளித்து வைத்ததை அங்கே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார். அமெரிக்காவிலேயே முதன்முதலாக வணிகத்துக்கென்று தயாரான காம்பாக்ட் டிஸ்க்கும் இந்த ஆல்பம்தான். அதே 1984 செப்டம்பரில், இண்டியானா மாநிலத்து டெர்ரே ஹாட்டில், ஜப்பானின் சோனியோடு இணைந்த புதிய ஆலையிலிருந்து அது வெளிவந்தது. அமெரிக்க ஆலைகள் மூடுவதைப் பற்றிய பாடல்களோடு ஓர் ஆலை திறந்தது.

உறைக்கும் இதில் பங்குண்டு. ஆனி லீபோவிட்ஸ் எடுத்த படத்தில் சிவப்பு வெள்ளைக் கோடுகளுக்கு முன்னால், ஜீன்ஸ் அணிந்த ஓர் ஆணின் பின்புறம். பின் பாக்கெட்டில் சிவப்புத் தொப்பி. ஊசி இசைத்தட்டைத் தொடும் முன்பே, கண் காதிடம் சொல்லிவிடுகிறது: இது கொடியைப் பற்றியது என்று.

1995-இல் தொடங்கிய தனிக் கச்சேரிப் பயணத்தில், பன்னிரண்டு தந்திக் கிதாரில் ஸ்லைடு வைத்து இந்தப் பாட்டைப் பாடினார் ஸ்பிரிங்ஸ்டீன். முரசு இல்லை, சின்தசைசர் இல்லை; பல்லவியையும் மிகச் சிக்கனமாகவே தொட்டார். தவறாகப் புரிந்துகொள்ள வழியே இல்லாத வடிவம் அது. ஆனாலும் அந்த மாற்று வடிவங்களின் வலு, கேட்பவர்கள் முன்பே அறிந்திருந்த ஆல்பம் பதிவிலிருந்தே கிடைத்தது என்று தன் நினைவுக்குறிப்பு நூலில் எழுதியிருக்கிறார். இதற்கும் ஆய்வுச் சான்று இருக்கிறது, அதுவும் ஆல்பம் வெளியான அதே 1984-இல். மேரி லூயிஸ் செராஃபின், ராபர்ட் கிரவுடர், ப்ரூனோ ரெப் மூவரும், ஒரு மெட்டை அதன் பழைய வரிகளோடு கேட்கும்போது மக்கள் எளிதில் அடையாளம் கண்டுகொள்வதையும், வேறு வரிகளை மாற்றி வைத்தால் தடுமாறுவதையும் காட்டினார்கள். கேட்கும் கணத்தில் பிரிந்து போகும் சொல்லும் மெட்டும், நினைவில் பின்னிக்கொண்டுவிடுகின்றன. அதனால்தான், கோல்ட்ஸ் நெக் கேசட்டில் அவர் மென்குரலில் தலைப்பு வரியைப் பாடும்போது, பதிவில் இல்லவே இல்லாத அந்த ஆறு ஸ்வரங்களை ஆல்பத்தை முன்பே கேட்டவரின் மூளை தானாகவே போட்டுக்கொள்கிறது.